பாக்ஸ்டரா, எர்டிகாவா? கீழக்கரை உப்புக்காற்றில் எது நிற்கும்

8 ஆகஸ்ட் 2025, கேள்வி, கீழக்கரையிலிருந்து

அண்ணே, அக்டோபரில் சவுதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுகிறேன். வண்டிக்கென்று ஒதுக்கியது 30 லட்சம். பெங்களூரில் 2011 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் ஒன்று இருக்கிறது. 2.9 லிட்டர், ஆறு கியர், மேனுவல். 27 லட்சம் சொல்கிறார்கள். சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்ட ஒரே வண்டி இதுதான். வீட்டில் வாப்பா, உம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். வீட்டிலிருந்து கடல் 400 மீட்டர். வாங்கலாமா? இல்லை, எல்லாரும் சொல்கிற மாதிரி ஏழு சீட் மாருதி எர்டிகா எடுத்துவிட்டு ஆசையை மூட்டை கட்டிவிடவா?

8 ஆகஸ்ட், இரவு

தம்பி, எந்த வண்டி என்பதை அப்புறம் பேசலாம். முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் ஓடும், மற்ற நாளில் எங்கே நிற்கும், எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்.

நம் கரையில் வண்டியைக் கொல்வது ஓட்டம் இல்லை, நிறுத்தி வைப்பது. கடல் உப்பில் சோடியம் குளோரைடோடு மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சோடியம் குளோரைடு ஈரத்தை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கீழக்கரையில் ஈரப்பதம் 33-க்குக் கீழே இறங்கும் நாளை எங்கே தேடுவது? அதனால் தகட்டில் படிந்த உப்பு காய்வதே இல்லை. பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரமாகவே வேலை செய்துகொண்டிருக்கும்.

ஓடும் வண்டியில் எஞ்சின் சூடு, பிரேக் சூடு, ஓடும் காற்று மூன்றும் சேர்ந்து இந்த ஈரத்தை அவ்வப்போது விரட்டும். நிற்கும் வண்டிக்கு அது கிடைக்காது. ஆசை வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்து மாதம் ஒருமுறை எடுப்பதுதான் இங்கே அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

9 ஆகஸ்ட்

ஆள் கணக்கைப் போட்டுவிடுவோம், இது சின்ன வேலை. பாக்ஸ்டரில் சீட் இரண்டு. முன் டிக்கி 150 லிட்டர், பின் டிக்கி 130 லிட்டர். வீட்டில் ஆறு பேர். வாப்பாவையும் உம்மாவையும் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் இன்னொரு வண்டி வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் அவ்வளவு தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் தூக்கிவிட வேண்டும்.

வீட்டுக்கு ஒரே வண்டி என்றால் பாக்ஸ்டர் வேண்டாம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டாவது வண்டியாக இருக்க முடியுமா என்பதுதான் பேச வேண்டிய கேள்வி.

9 ஆகஸ்ட், கேள்வி கேட்டவர்

அண்ணே, வாரத்தில் இரண்டு நாள் ராமநாதபுரம், மாதம் ஒருமுறை மதுரை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருக்கிறது, தெற்கே திறந்த மாதிரி. தண்ணீர் வீட்டு போர்தான்.

10 ஆகஸ்ட்

தெற்கே திறந்த கொட்டகை என்றால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதமெல்லாம் கடல் நேராக வண்டிமேல் வந்து படியும். கீழக்கரைக்குக் கடல் தெற்கே. ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உப்புத் தூசி பறக்கும். தென்கடல் பக்கம் முழு உயரத்துக்குக் கிடுகு கட்டி அடையுங்கள், வாசலை வடக்கே மாற்றுங்கள். வாடை மாதங்களில் வடக்கேயிருந்து காற்று வரும்தான். ஆனால் அது ஊரையும் தோப்பையும் கடந்து வருவதால் உப்புச் சுமை குறைவு. இந்தக் கணக்கு கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கத்துக்கு மட்டும். வடகடல் ஓரத்தில், தேவிபட்டினம், தொண்டி பக்கம் இருப்பவர்கள் அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தரை மணலாக இருக்கக் கூடாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் இரவெல்லாம் அடித்தட்டில் போய்ப் படியும். கெட்டியான பாலித்தீன் விரிப்பைப் போட்டு, மேலே மூன்று அங்குல சிமென்ட் கான்கிரீட். ஒரு பக்கம் லேசாகச் சரிவு.

இப்போது ஆர்.சி. 2011 பதிவு என்றால் 15 வருடம் 2026-இல் முடிகிறது. வண்டி கைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே படிவம் 25 போட்டு, ஆய்வுக்குக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். சாதாரண காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி செய்த நாலு சக்கர வண்டிக்கு 40,000. பாக்ஸ்டர் முழுதாக இறக்குமதியான வண்டி. இதை விற்பவர் தானாகச் சொல்ல மாட்டார்.

அதோடு இது வெளிமாநிலப் பதிவு. கர்நாடகா ஆர்.டி.ஓ.விலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, ராமநாதபுரத்தின் டி.என். 65 எண் வாங்கப் படிவம் 27. கடன் பாக்கி இருந்தது என்றால் படிவம் 35. தமிழ்நாட்டு ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்ற விகிதத்தில் இங்கே கட்ட வேண்டும். கர்நாடகாவில் கட்டியதில் மிச்ச வருடத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் 14 வருட வண்டிக்கு அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வெளிமாநில எண்ணோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டச் சட்டத்தில் இடமில்லை.

11 ஆகஸ்ட்

ஒருவர் தனியாகக் கேட்டது: வளைகுடாவிலேயே ஒரு மஸ்டாங்கை வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடலாமா? முடியாது. அங்கே ஓடுவது இடப்பக்க ஸ்டியரிங். பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், தயாராகி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. வரி வண்டி விலையையே தாண்டும். இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

13 ஆகஸ்ட்

வேகத்தடை. இதைப் பற்றித் தவறான எண்ணம் நிறைய உலவுகிறது. தாழ்ந்த வண்டி எந்த வேகத்தடையிலும் இடிக்கும் என்பார்கள். அப்படி இல்லை.

சாலை அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்டவடிவ மேட்டுக்கு அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ., வளைவின் ஆரம் 17 மீட்டர். பாக்ஸ்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.415 மீட்டர். நாலு சக்கரமும் மேட்டின்மேல் இருக்கும்போது வயிற்றுக்கு அடியில் மேடு எவ்வளவு எழும்பும் என்று பாருங்கள். 2.415-ஐ அதே எண்ணால் பெருக்கி, 17-இன் எட்டு மடங்கான 136-ஆல் வகுத்தால் 0.043 மீட்டர். நாலேகால் சென்டிமீட்டர். தரையிலிருந்து 10 செ.மீ. உயரமுள்ள வண்டி இதை நிம்மதியாகத் தாண்டும்.

இடிப்பது தெருமுனையில் ஆட்களே சிமென்ட் குழைத்துப் போட்ட குட்டி மேட்டில். 15 செ.மீ. உயரம், ஒரு மீட்டர் அகலம். முன் சக்கரம் இறங்கிவிட்டிருக்கும், பின் சக்கரம் ஏறியிருக்காது, முழு 15 செ.மீ.யும் வயிற்றுக்கு நேர் அடியில் இருக்கும். எவ்வளவு மெதுவாகப் போனாலும் உரசும். குறுக்காக ஏற்றினால் ஒரு சக்கரமாவது மேட்டில் நின்று வண்டியைத் தூக்கிப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தெருவின் முழு அகலமும் வேண்டும், எதிரே வண்டி வரக் கூடாது. ஆகவே வீட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை உள்ள மேடுகளை ஒரு டேப்பை எடுத்துப்போய் அளந்துவிடுங்கள். உயரம் மட்டும் அளந்தால் போதாது, அகலமும் வேண்டும்.

14 ஆகஸ்ட், மண்டபத்திலிருந்து ஒருவர்

இவ்வளவு சொல்கிறீர்கள், தண்ணீரை விட்டுவிட்டீர்களே. போர் தண்ணீரில் கழுவுவதும் கடலில் முக்கி எடுப்பதும் ஒன்றுதான்.

14 ஆகஸ்ட்

சரியாகச் சொன்னார். அதை மூன்று கேள்விகளில் ஒன்றாகக் கேட்டுவிட்டு விடை எழுதாமல் போனது என் விடுபாடு.

முதலில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்குங்கள், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது. 500-க்குள் இருந்தால் நல்ல தண்ணீர். 2,000-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் அதைவிட மோசம், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது.

காவிரிக் குடிநீரையோ லாரித் தண்ணீரையோ வண்டி கழுவ ஊற்று ஊற்றென்று ஊற்ற நம் மாவட்டத்தில் மனம் வராது, வரவும் கூடாது. குறைவான தண்ணீரில் முடிக்க வழி இருக்கிறது. வயலில் மருந்தடிக்கும் 16 லிட்டர் முதுகுத் தெளிப்பான், புதிதாக வாங்கியது, மருந்தே படாதது. ஒரு தெளிப்பான் தண்ணீர் முழுவதும் அடிப்பக்கத்துக்கு: சக்கரக் குழிவுகள், சைடு சில்லின் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு) அடி மடிப்பு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர், முன் ரேடியேட்டர் வாய். இன்னொன்று மேல்பக்கத்துக்கு. 32 லிட்டரில், இரண்டு குடத்துக்குச் சற்று மேல், வேலை முடிந்தது. வாரம் ஒருமுறை. மேல் பெயின்ட் அழுக்காகத் தெரியட்டும், பரவாயில்லை. அடியை விட்டுவிடாதீர்கள்.

கழுவிய உடனே கொட்டகையில் விடக் கூடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை நன்றாக பிரேக் அழுத்தி, டிஸ்க் சூடாகிக் காய்ந்த பிறகு நிறுத்துங்கள்.

மீன் வண்டிக்குப் பின்னால் போகாதீர்கள். பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் முழுக்க உப்பு. அது நேராக உங்கள் அடித்தட்டில் தெறிக்கும். விலகி முந்துங்கள், இல்லையேல் நன்றாகத் தள்ளி வாருங்கள்.

17 ஆகஸ்ட்

பிரேக்கைத் தொட்டுவிட்டதால் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

பாக்ஸ்டரில் அலுமினியக் காலிப்பர், நாலு பிஸ்டன், நகராமல் போல்ட் போட்டு நிற்பது. பிரேக் பேட் உட்காரும் இடத்தில் மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை இரண்டு சின்ன ஸ்க்ரூவால் பிடித்திருப்பார்கள். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி தகட்டை அடியிலிருந்து உப்பிக் கிளப்பும். பேட் இறுகிப்போய்ப் பின்னால் வராது. டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், ஒரு சக்கரம் மட்டும் சூடாகும், மைலேஜ் குறையும், பேட் ஒரு பக்கமாகத் தேயும். சரிசெய்ய வேண்டுமென்றால் அந்தச் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்ற வேண்டும், பாதி ஸ்க்ரூ தலை முறிந்துவிடும், துளைபோட்டு எடுக்க வேண்டும். அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து செராமிக் கிரீஸ் தடவித் திரும்பப் போட வேண்டும். பொறுமையும் பழக்கமும் உள்ள மெக்கானிக் வேண்டும்.

எர்டிகாவில் ஒரே பிஸ்டன், இரண்டு பின்னில் நகரும் காலிப்பர். பின்னை உருவி, துடைத்து, சிலிகான் கிரீஸ் வைத்து, ரப்பர் பூட் கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து மாட்ட அரை மணி நேரம். ராமநாதபுரத்தில் எந்தப் பட்டறையிலும் செய்வார்கள். பின்னால் டிரம் பிரேக், அதில் மணல் சேரும், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து ஊதிவிட்டால் போதும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று: நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் இழுத்து நாள்கணக்கில் விடாதீர்கள். பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

18 ஆகஸ்ட்

பாக்ஸ்டரின் முன் பம்பரைப் பற்றி. எஞ்சின் நடுவில் இருந்தாலும் ரேடியேட்டர்கள் முன்னால், இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னே பக்கத்துக்கு ஒன்றாக. அதற்கும் முன்னால் ஏ.சி. கண்டென்சர். பம்பரின் இரண்டு பெரிய வாயும் சருகையும் மணலையும் உள்ளே வாரிக்கொள்ளும். சருகு ஈரத்தைப் பிடித்து வைக்கும், மணலோடு உப்பும் சேரும், கண்டென்சரின் அலுமினிய மடிப்பு பொடிந்து கேஸ் கசியும். வருடம் ஒருமுறை பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருப்பதை வெற்றிட உறிஞ்சியால் எடுக்க வேண்டும். அழுத்தத் தண்ணீர் அடித்தால் மடிப்பு வளைந்துவிடும். தனுஷ்கோடி ரோட்டில் மணல் பறக்கும் நாளில் போய்வந்தால் வருடம் வரை காத்திருக்க வேண்டாம், அந்த வாரமே பாருங்கள்.

துணிக் கூரைக்கு மழைத்தண்ணீர் வடியக் குழாய்கள் உண்டு. மணலும் சருகும் அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் போகும் வயர்களிலும் எலெக்ட்ரானிக் பெட்டியிலும் தேங்கும். ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மெல்லிய நைலான் கயிற்றை விட்டு நெருடி எடுங்கள். கம்பி விடாதீர்கள், குழாய் கழன்றுவிடும்.

20 ஆகஸ்ட், பரமக்குடியிலிருந்து ஒருவர்

சீமைக்கருவேல முள்ளைப் பற்றி யாரும் பேசவில்லையே? ரோட்டோரம் ஒதுங்கினால் டயரில் ரெண்டு முள் நிச்சயம்.

20 ஆகஸ்ட்

நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம், நன்றி. பாக்ஸ்டரில் பெரும்பாலும் ஸ்டெப்னி கிடையாது. ஒரு பாட்டில் சீலன்ட், ஒரு சின்ன கம்ப்ரஸர், அவ்வளவுதான். சீலன்ட் நடு டயரில் 6 மி.மீ. வரை ஓட்டையை அடைக்கும். பக்கச்சுவரில் குத்தினால் பயனில்லை. கருவேல முள் ஒல்லி, நீளம். நுனி உள்ளேயே முறிந்து நின்று இரண்டு நாள் கழித்து மெல்லக் காற்று இறங்கும். அதனால் காலையில் எடுக்கும் முன் நாலு டயரையும் கண்ணால் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். டிக்கியில் குறடு ஒன்று, டியூப்லெஸ் பஞ்சர் கயிற்றுப் பெட்டி ஒன்று.

டயர் அளவு முன்னால் 205/55 ஆர்17, பின்னால் 235/50 ஆர்17. முன்னும் பின்னும் வேறு வேறு என்பதால் இடம் மாற்றிப் போட முடியாது. பின் டயர் அளவு ராமநாதபுரம் கடையில் தொங்கிக்கொண்டிருக்காது, சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டும். பார்க்கப்போகும் வண்டியின் டயர் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும், புது செட் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

20 ஆகஸ்ட், இன்னும் கொஞ்சம்

எர்டிகாவில் ஸ்டெப்னி உண்டு. சின்ன வார்த்தைதான். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும்போது அது சின்ன வார்த்தை இல்லை.

24 ஆகஸ்ட், கேள்வி கேட்டவர்

அண்ணே, படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது. கவர் போட்டு மூடி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் காப்பாற்ற முடியாதா?

24 ஆகஸ்ட்

பேட்டரியை மட்டும் பேசுவோம். பூட்டி நிற்கும்போதும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர்கள் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. முப்பது நாளில் 36. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. பாதிக்குக் கீழே போய்த் திரும்பத் திரும்ப நின்றால் அந்தப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். கழற்றுவதைவிடத் தானாக நிறுத்திக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜரை மாட்டிவைப்பது நல்லது.

கவர் நல்லதுதான், மூச்சுவிடும் துணியாக இருந்தால்.

25 ஆகஸ்ட்

நேற்று கவரைப் பற்றி எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். மூச்சுவிடும் துணிக் கவர் நாலு பக்கமும் அடைத்த அறைக்குத்தான் சரி. காற்று புகும் கொட்டகையில் எந்தக் கவரும் வேண்டாம். காற்றில் துணி ஆடிக்கொண்டே இருக்கும். இடையில் புகுந்த மணல் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கும். துணியில் ஏறிய உப்பு அப்படியே தகட்டோடு ஒட்டியிருக்கும். பிளாஸ்டிக் கவர் போட்டால் கேட்கவே வேண்டாம், கருவாட்டை ஈரத்தோடு மூடி வைத்த கதைதான்.

நாலு பக்கமும் அடைத்த அறை கட்ட முடிந்தால், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வைத்து 50 சதவீதத்துக்குக் கீழே பிடிக்கலாம். அந்த அளவில் இரும்பு துருப்பிடிப்பது வெகுவாகக் குறையும். ஆனால் கதவிடுக்கு, ஜன்னல் எல்லாம் ரப்பர் போட்டு அடைத்திருக்க வேண்டும். ஓலைக் கொட்டகையில் மெஷினை வைத்தால் கடலையே உறிஞ்சச் சொல்கிற மாதிரி.

27 ஆகஸ்ட்

பெட்ரோலைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் கரையில் உறிஞ்ச ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நிறுத்தி வைக்கும் வண்டியின் டேங்க் நிரம்பியே இருக்க வேண்டும். பாதி டேங்க் என்றால் மிச்சப் பாதியில் ஈரக்காற்று. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் கணக்குப்படி ஆறேழு சதவீதம் மைலேஜ் போகும். 2011 வண்டியின் ரப்பர் குழாய், சீல் எல்லாம் இந்தக் கலவைக்கென்று செய்தவை அல்ல. வாங்கினால் எரிபொருள் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

31 ஆகஸ்ட்

பெங்களூர் வண்டியை நேரில் பார்க்கப் போகிறேன் என்று தம்பியின் மச்சான் எழுதியிருக்கிறார். போகட்டும். பார்க்க வேண்டியவை:

2009-க்கு முந்திய பாக்ஸ்டர் எஞ்சினில் இன்டர்மீடியட் ஷாஃப்ட் பேரிங் உடைந்து எஞ்சினே போகும் குறை பேர்பெற்றது. 2009-லிருந்து வந்த எஞ்சினில் அந்த ஷாஃப்ட்டே இல்லை. 2011 என்பது பதிவு வருடமா தயாரிப்பு வருடமா என்று சேஸிஸ் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். மேனுவல் வண்டி என்பதால் கம்ப்யூட்டரில் ஓவர்-ரெவ் பதிவை எடுக்கச் சொல்லுங்கள். கியரைத் தவறிக் கீழே போட்டு எஞ்சினை எல்லைமீறிச் சுற்றவிட்டிருந்தால் எந்த மணிநேரத்தில் என்பது வரை அதில் இருக்கும். லிஃப்ட்டில் ஏற்றாமல் வாங்கக் கூடாது.

ஒரு நல்ல விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெங்களூர் உள்நாடு, கடற்காற்று படாத உடம்பு. போர்ஷேயின் பாடித் தகடும் துத்தநாகம் பூசியது. பாடியைவிட நான் பயப்படுவது அலுமினியப் பாகங்களுக்கும், வயர் இணைப்புகளுக்கும், பிரேக்குக்கும்.

2 செப்டம்பர், மண்டபத்துக்காரர் மறுபடியும்

பாம்பன் பழைய ரயில் பாலமே துருவில் 2022 டிசம்பரில் நின்றுபோனது. 1914-இல் கட்டியது. காரெல்லாம் எந்த மூலைக்கு?

2 செப்டம்பர்

நல்ல உதாரணம், அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடலுக்கு நடுவே நின்று அந்தப் பாலம் நூறு வருடத்துக்கு மேல் ரயிலைத் தாங்கியது. இடைவிடாமல் சுரண்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், கெட்ட உறுப்பை மாற்றினார்கள். இந்த ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்ஸேன் பெயின்ட் என்று முதலிலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள். மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருப்பதே இந்த அரிப்பைப் படிக்கத்தான். கவனிக்க ஆள் இருந்தால் இரும்பு நிற்கும். தம்பிக்கு அந்த நேரம் இருக்கிறதா என்பதே கேள்வி.

9 செப்டம்பர், கேள்வி கேட்டவர்

மச்சான் பார்த்துவிட்டார். வண்டி நன்றாக இருக்கிறது. டயர் 2018. ஓவர்-ரெவ் சுத்தம். ஒரு பக்கக் கண்டென்சர் கசிகிறது. 25-க்குத் தருகிறார்கள். மனம் அங்கேயே நிற்கிறது அண்ணே.

10 செப்டம்பர்

நல்ல வண்டி, அதில் சந்தேகமில்லை. மச்சானும் நன்றாகப் பார்த்திருக்கிறார். கணக்கைப் போடுகிறேன். 30-இல் 25 போனால் 5. இதிலிருந்து தமிழ்நாட்டு வரி, 2026 புதுப்பிப்பு, டயர் செட், கண்டென்சர், பிரேக் வேலை, எண்ணெய் மாற்றம். எஞ்சின் எண்ணெயே ஏழு லிட்டருக்கும் மேல், அதுவும் போர்ஷே ஏ40 தரத்தில்தான். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வருடம் 7,897 ரூபாய். முழுக் காப்பீடு தனி. காப்பீடு எடுத்தாலும் துரு, தேய்மானம் அதில் வராது. விபத்துக் கிளெய்மில் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு பாதி விலை கழிப்பார்கள். இந்த வயது வண்டிக்கு அந்தக் கழிவு இல்லாத பாலிசியைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். அந்த 5 லட்சம் ஒரு வருடம் தாங்கும். வீட்டில் ஆறு பேருக்கு வண்டி அப்போதும் இருக்காது.

வழியில் நின்றால் ஃபிளாட்பெட் லாரியில் முழுதாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அது சென்னை வரை போக வேண்டியிருக்கும். இழுவைக் கொக்கி டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள், முன் பம்பரில் சின்ன மூடிக்குப் பின்னால் திருகுவது. பழைய வண்டிகளில் தொலைந்திருக்கும்.

10 செப்டம்பர், பரமக்குடிக்காரர்

ரெண்டுக்கும் நடுவே ஒன்றை எடுத்தால் என்ன? விர்டஸ் ஜி.டி. 1.5 டர்போ, 150 குதிரை, டிக்கி 521 லிட்டர், மேனுவலும் உண்டு.

11 செப்டம்பர்

ஓட்ட அருமையான வண்டி, தரையிலிருந்து உயரமும் போதும். ஆனால் ஐந்து சீட், வீட்டில் ஆறு பேர். அதோடு இந்தத் தம்பி ஆசைப்படுவது வேகத்துக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் எஞ்சின், தலைக்கு மேல் வானம். நடுவாக ஒன்றை வாங்கினால் வீட்டுத் தேவையும் முழுதாக முடியாது, ஆசையும் அடங்காது. தனியாளுக்கோ சின்னக் குடும்பத்துக்கோ என்றால் முதல் பெயராக இதைத்தான் சொல்வேன்.

பரமக்குடிக்காரரே, உங்கள் ஊரைப் பற்றி ஒன்று தோன்றியது. கடலிலிருந்து உள்ளே போகப் போகக் காற்றில் உப்பு வேகமாகக் குறையும், முதல் சில கிலோமீட்டரிலேயே பெரும்பகுதி விழுந்துவிடும். பரமக்குடியில் தம்பிக்கு உறவினர் வீட்டில் அடைத்த ஷெட் கிடைத்தால், ஆசை வண்டியை அங்கே நிறுத்திவிட்டு, கீழக்கரையிலிருந்து எர்டிகாவில் போய் எடுத்து மதுரைச் சாலையில் ஓட்டலாம். நான்குவழியில் மேடும் இல்லை, மீன் வண்டியும் குறைவு. முதலில் "இரண்டாவது வண்டியாக முடியுமா" என்று கேட்டேன் அல்லவா, அதற்கு இப்போது என் விடை: முடியும், கீழக்கரையில் நிறுத்தாவிட்டால்.

23 செப்டம்பர்

நேற்று முதல் ஜி.எஸ்.டி. மாறிவிட்டது. நாலு மீட்டருக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் காருக்கு 29-லிருந்து 18 சதவீதம். ஸ்விஃப்ட், நெக்ஸான் பெட்ரோல் எல்லாம் இதில் வரும். எர்டிகா 1462 சி.சி., நீளமும் நாலு மீட்டரைத் தாண்டும். அதனால் 45-லிருந்து 40 மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது தமிழ்நாட்டுச் சாலை வரி. வண்டி விலை 5-லிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ஐத் தாண்டினால் 18. தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9.95 லட்சத்துக்கு வரி 1,29,350. 10.05 லட்சத்துக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு வரியில் மட்டும் 51,550 கூடுகிறது. வேரியன்ட் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கோட்டைப் பாருங்கள்.

மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்தால் டிக்கி 209 லிட்டர்தான். சி.என்.ஜி. எடுத்தால் அந்த இடத்தையும் சிலிண்டர் சாப்பிடும். சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கரையோரத்தில் அதன் பிடிப்புப் பட்டையும் போல்ட்டும் துருவேறும். ஆறு பேர் குடும்பத்துக்குப் பெட்ரோலே போதும்.

4 அக்டோபர், கேள்வி கேட்டவர்

எர்டிகா புக் பண்ணிவிட்டேன் அண்ணே. பாக்ஸ்டரை விட்டுவிட்டேன். மிச்சப் பணத்தைத் தனியாக வைத்திருக்கிறேன். 2026-க்கு அப்புறம் புதுப்பித்த ஆர்.சி.யோடு, தமிழ்நாட்டுப் பதிவில் ஒன்று வந்தால் பார்ப்போம். பரமக்குடியில் சின்னம்மா வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது.

4 அக்டோபர்

பணம் தனியாக இருப்பதும் பரமக்குடி இடமும் இரண்டுமே நல்ல செய்தி. எர்டிகா கைக்கு வந்த முதல் வாரத்திலேயே, மழை பிடிக்கும் முன், இதைச் செய்துவிடுங்கள்.

ஷோரூமில் தார் போன்ற கறுப்பு அண்டர்கோட் அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். அது காய்ந்து வெடித்தால் வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து வெளியே தெரியாமல் உள்ளேயே தின்னும். மெழுகு அடிப்படையிலான கேவிட்டி வேக்ஸ் கேளுங்கள். அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகு அடிக்க வேண்டும். நீள நாசில் விட்டு சைடு சில்லின் உள்ளே, நாலு கதவின் அடி மடிப்பு, பானெட் முன் விளிம்பு, பின் கதவின் கீல், ஜாக்கி வைக்கும் இடம், பின் சக்கரக் குழிவின் விளிம்பு, பிரேக் பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புகள். டிஸ்க், டிரம், சைலன்ஸர், ரப்பர் புஷ் மீது படக் கூடாது. அடித்து முடித்ததும் கதவின் அடியிலும் சில்லின் அடியிலும் உள்ள தண்ணீர் வடியும் துளைகளை ஒவ்வொன்றாக ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள். அடிப்பவர்கள் இதைத்தான் மறப்பார்கள். வருடம் ஒருமுறை, ஆவணி புரட்டாசியில்.

சக்கரங்களைக் கழற்றியிருக்கும்போதே சக்கரம் உட்காரும் ஹப்பின் முகத்தில், துருவால் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையை மெல்லியதாகத் தடவுங்கள், நட்டின் மரையில் வேண்டாம். பானெட்டைத் திறந்து பாடியோடு சேரும் எர்த் வயர் போல்ட் ஒவ்வொன்றையும் கழற்றி, உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே வாஸலின் பூசுங்கள். பச்சைக் களிம்பு பிடித்த பிறகு தேடினால் எந்த வயர் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

5 அக்டோபர்

விட்டுப்போனது ஒன்று. சில்லுக்குள் கேவிட்டி வேக்ஸ் அடித்த அன்று வண்டியைச் சிமென்ட் தரையில் விடாதீர்கள், இரவெல்லாம் சொட்டும். அடியில் பழைய சாக்கு விரியுங்கள்.